அத்துரும்

பேச்சியின் உடம்பில் உலோகம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆனாலும் கேட்டில் சோதனைக் கருவி கத்தியது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கொசு ஒன்று காதுக்குள் புகுந்துகொண்டு வெளியேற வழி தெரியாமல் சுற்றுவதுபோல மெல்லிய, விடாத கூவல். வெளியே ஒரகடம் சாலையில் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் கூவல் அவளுக்குத் தனியாகக் கேட்டது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கார் சீட்டுத் துணிக்கு அடியில் ஃபோம் ஒட்டுகிற கம்பெனி அது. துணிக்குள் ஒரு ஊசிமுனை சிக்கியிருந்தால்கூட மொத்தச் சுருளும் திரும்பி வந்துவிடும் என்பதால் கேட்டைத் தாண்டி உலோகம் எதுவும் போகக்கூடாது. கல்யாணமான பெண்கள் தாலியை வீட்டில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு வந்தார்கள். மற்றவர்கள் கம்மல் ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க விளக்குமாற்றுக் குச்சியைக் கிள்ளிக் காதில் செருகியிருந்தார்கள். உள்ளாடையில்கூடக் கொக்கி கூடாது. பேச்சியின் காதிலும் குச்சிதான். இரண்டு வருடமாகக் குச்சிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவரிங் கம்மல்.

"இன்னா கண்ணு போட்டுகினு வந்துகீற?" என்றாள் செக்யூரிட்டி சந்திரம்மாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நெசமா."

"சும்மா கத்துமா மிசினு? திரும்பு."

கருவி அவள் முதுகின் மேல் ஊர்ந்தது. இடுப்பில் சத்தம் இல்லை. தோளில் இல்லை. பிடரியில், பின்னல் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மறுபடி கூவியது. சந்திரம்மாள் பின்னலை ஒதுக்கிவிட்டு இரண்டு விரலால் அந்த இடத்தைத் தடவினாள். விரல்கள் சில்லென்று இருந்தன. சங்கிலி போட்டிருந்தால் கொக்கி வந்து உட்காருகிற இடம் அது.

"ஒண்ணியும் காணோம். பேட்டரி பூடுச்சி போல. போ." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தப்பா நெனச்சிக்காத கண்ணு. இன்னொரு தபா அந்த மாரி ஒண்ண என் கண்ணால பாக்க முடியாது."

பேச்சி நடந்தாள். பத்தடி போன பிறகும் அந்த இரண்டு விரல்கள் பிடரியில் அப்படியே இருந்தன. திரும்பிப் பார்த்தாள். சந்திரம்மாள் அடுத்த பெண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

*

பதினெட்டு நாளைக்கு முன்னால் ஃபோம் ஒட்டுகிற லைனில்தான் ஷாரோன் செத்துப்போனாள்.

பென்னலூர்க்காரி, சந்திரம்மாள் வீடு இருக்கும் அதே தெரு. நிச்சயம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட முறுக்குச் செயினைக் கழுத்தைவிட்டு இறக்கவே கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். சந்திரம்மாளும் தினமும் கருவியை ஷாரோனின் தோளுக்கு மேலே ஏற்றாமல் இறக்கிவிடுவாள். கட்டிக்கப் போற பொண்ணு, போவட்டும் என்பாள். அன்றைக்கு ரோலர் வாயில் சுருங்கிய துணியை நீவிவிட ஷாரோன் குனிந்தபோது கோட்டுக்குள்ளிருந்து செயின் வெளியே சரிந்தது. ரோலர் முதலில் செயினைக் கவ்வியது. அப்புறம் காலரை. அப்புறம் பின்னலை.

பக்கத்தில் நின்ற பேச்சி இரண்டு கையையும் உள்ளே விட்டுப் போராடினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். "அத்துரும், அத்துரும்" என்று அலறிக்கொண்டே போராடினாளாம். அறுந்துவிடும் என்பதை அவள் ஊரான சங்கரன்கோவில் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தாலே லைனில் இந்தப் பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். டேப் அத்துரும், நூல் அத்துரும் என்று அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஐயோ, கழுத்து அறுந்துவிடுமே என்று கூட வேலை செய்தவளுக்காகக் கதறினாள் என்று சூப்பர்வைசர் சாம்சன் ரிப்போர்ட்டில் எழுதினார்.

கல்லறைத் தோட்டத்தில் ஷாரோனின் அம்மா கிளியம்மாள் பேச்சியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைங்கதான் எம்பொண்ண கடைசி வரிக்கும் வுடாம புட்ச்சிகினு இருந்துச்சி" என்று கூட்டத்துக்குக் காட்டினாள். "செயின் போனா போவட்டும். மிசினே துன்னுட்டுப் போவட்டும். இந்தக் கைங்க நல்லா இருக்கணும்."

பேச்சி அழவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கைகளில் சோப்பு வாசனை அடித்தது. காலையிலிருந்து எத்தனை தடவை கழுவியிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இப்போது ரோலர் வாயில் ஷாரோனுடைய இடத்தில் அவள்தான் நிற்கிறாள்.

"புதுப் பொண்ணுங்கள நம்ப முடியாது பேச்சி. நீதான் கரெக்ட்" என்று சாம்சன் சொல்லியிருந்தார். போகிற வழியில் வழக்கம்போல, "இன்னா பேச்சி, பேச்சு மூச்சே இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். பழைய ஜோக்தான். முன்பு கிண்டலாகக் கேட்பார். இப்போது கரிசனமாகக் கேட்கிறார். அதுதான் தாங்கவில்லை.

ரோலருக்கு மேலே புதிதாக மஞ்சள் கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். சூடான ஃபோமின் வாசனையும் பசை வாசனையும் சேர்ந்து, பால் தீய்ந்ததுபோல, நாக்கில் வந்து ஒட்டின. இடது முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. அதைத் தட்டினால் லைன் மொத்தமும் நின்றுவிடும். கையை நீட்டக்கூட வேண்டாம், முழங்கையைச் சற்று அசைத்தால் போதும். பேச்சி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

துணி ஓடியது. ரோலர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தக் என்றது. மற்றவர்களுக்குக் கேட்டதா தெரியவில்லை. இரும்பின் மேல் எங்கோ மிகச் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்க வேண்டும், தங்கத்தைக் கடித்த பள்ளம். தக். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சாம்பார் சாதத்தை விழுங்கும்போது தொண்டையைச் சுற்றி ஏதோ நெருடியது. தக். தண்ணீர் குடித்தாள். லைனைவிட்டு அவ்வளவு தூரம் வந்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருந்தது.

*

வடக்குப்பட்டில் மாடி அறை ஒன்றில் நான்கு பெண்கள் இருந்தார்கள். பேச்சி மூன்றரை மணிக்கு வந்தபோது அவள் ஊர்க்காரி முத்துச்செல்வி மட்டும் இருந்தாள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, கண்மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, மரக்கட்டை போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே தகரம் வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. பேச்சி தன் பெட்டியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துத் துண்டில் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

ஒரு ஆள் நின்றால் நிறைந்துவிடுகிற குளியலறை. வீட்டுக்காரர் கேட்டுக்கு அடித்த சிவப்புப் பெயிண்டில் மிச்சத்தைக் கதவுக்கும் தாழ்ப்பாளுக்கும் அடித்திருந்தார். குழாய்க்கு மேலே பதித்திருந்த கண்ணாடித் துண்டைப் பார்த்து நின்றால் தாழ்ப்பாள் இடது முழங்கையில் இடிக்கும்.

டப்பாவின் மூடியைத் திறந்து விரலை விட்டாள். மல்லிகை வாசனைப் பவுடருக்கு அடியில் அது கிடந்தது. தூசியை ஊதிவிட்டுத் தூக்கிப் பிடித்தபோது, மங்கலான வெளிச்சத்திலும், ஒரு சின்னப் பாம்பு உடம்பை முறுக்கித் திரும்புவதுபோல ஷாரோனின் செயின் திரும்பியது. ஓரிடத்தில் மட்டும் ஒரு விரற்கடை அளவுக்குத் தகடாக நசுங்கியிருந்தது. ரோலர் கடித்த இடம்.

அதைக் கழுத்தில் போட்டுப் பார்ப்பதற்கு அவள் மூன்று நாள்கூடக் காத்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்த அன்றைக்கே போட்டுப் பார்த்தாள். எடை. அதுதான் முதலில் தெரிந்தது. கவரிங் நகைக்கு எடை கிடையாது. கழுத்தில் கிடப்பதே மறந்துபோகும். இது முதலில் குளிர்ந்தது, பிறகு மெல்ல மெல்ல உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு பிராணி மடியில் வந்து படுத்துக்கொண்டதுபோல மார்பின் நடுவே இறங்கிக் கிடந்தது. கண்ணாடியில் தெரிந்தவள் பேச்சியே இல்லை. யாரோ வசதியான வீட்டுப் பெண்.

பதிமூன்று வயதில் அவளுக்குச் சடங்கு வைத்தபோது அம்மாவிடம் குன்றிமணித் தங்கம் இல்லை. அப்பா கூடப்பிறந்த மீனம்மாள் அத்தையிடம் இரண்டு வடச் சங்கிலியைக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். அன்றைக்கு முழுக்க அத்தை அவள் பின்னாலேயே நடந்தாள். போட்டோ எடுக்கும்போது பின்னால் நின்றாள். தட்டு வாங்கக் குனிந்தபோது கையை நீட்டிச் சங்கிலியைத் தாங்கிக்கொண்டாள். "மெதுவாக் குனிட்டி. அத்துரும்." பந்தி இன்னும் முடியவில்லை, ஊர் மொத்தமும் இலையில் உட்கார்ந்திருந்தது, வெங்காயம் நாறுகிற விரல்கள் பிடரியில் வந்து கொக்கியைத் தேடின. தேடித் தேடிக் கழற்றின. சங்கிலி மார்பிலிருந்து வழுகிப் போனதை எல்லோரும் சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவளுக்கு உடம்பில் துணியே இல்லாததுபோல இருந்தது. அத்தை மகன் இசக்கிபாண்டியும் எதிர்வரிசையில் இருந்தான். பேச்சி உனக்குத்தான் என்று அவனைக் கேலி செய்வதை ஊர் அன்றோடு நிறுத்திக்கொண்டது.

வருகிற மாதம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்துவிட்டது. பேச்சி எல்லாவற்றையும் நினைத்து வைத்திருந்தாள். பிஸ்தாப் பச்சைப் புடவை. தழையத் தழைய இந்தச் செயின். பந்தியில் அத்தை இலைக்கு முன்னால் நின்று தண்ணீர் ஊற்றக் குனிய வேண்டும். குனியும்போது செயின் முன்னால் சரிந்து, அத்தையின் கண்ணுக்கு நேரே ஆட வேண்டும். கவரிங் அப்படி ஆடாது. அத்தைக்குத் தெரியும்.

இன்றைக்கும் கொக்கியை மாட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

செயின் மார்பு வரை வரவில்லை. கழுத்தெலும்போடு நின்றுவிட்டது.

பின்னால் எங்கோ மடிந்து கிடக்கிறது என்று நினைத்து இழுத்துப் பார்த்தாள். மடியவில்லை. கழற்றித் தரையில் நீட்டிப் பார்த்தாள். டப்பாவைக் கவிழ்த்தாள். பவுடர்தான் கொட்டியது. நசுங்கிய இடம் இருந்தது, கொக்கி இருந்தது, அறுந்த தடம் எதுவும் இல்லை. நடுவில் ஒரு சாண் நீளத்தை மட்டும் காணவில்லை.

அவள் பிடரியைச் சொறிந்துகொண்டாள். காலையிலிருந்தே அங்கே அரித்துக்கொண்டிருந்தது.

*

மறுநாள் கருவி இன்னும் தூரத்திலேயே கத்தத் தொடங்கியது.

அவள் கிட்டே போவதற்குள்ளேயே. சந்திரம்மாளின் கை ஒருகணம் அப்படியே நின்றது. பிடரியில் கூவியது. இடப்பக்கம் நரம்பின் மேல் கூவியது. வலப்பக்கம் கூவியது. தொண்டைக்குழிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

சந்திரம்மாள் வரிசையை நிறுத்திவிட்டு அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். துப்பட்டாவை எடுக்கச் சொன்னாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். பார்த்தவள் கையை உதறிக்கொண்டாள்.

"இன்னாடி இது?"

"வேர்க்குருக்கா."

"வேர்க்குருவா. கவுறு போட்டு இறுக்கன கணக்கா கீது." சந்திரம்மாளின் குரல் தேய்ந்தது. "ஷாரோன குளிப்பாட்டினவ நானு. அது கழுத்துல இதே எடம். இதே சேப்பு. நீ இன்னா பண்ண கண்ணு?"

நீ இன்னா பண்ண. இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பேச்சி வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் நெருடல் ஒரு சுற்றுச் சுற்றி இறுகியது. சத்தம் வரவில்லை.

சாம்சன் பதினொரு மணி வாக்கில்தான் வந்து பார்த்துவிட்டு, அலர்ஜிதான், பசை ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். "யாரு இன்னா சொன்னாலும் நீ மனசுல வெச்சிக்காத. உன்னால முடிஞ்சத நீ பண்ண" என்றார்.

ஷேர் ஆட்டோ காலியாகத்தான் வந்தது. ஓரத்தில் உட்கார்ந்தாள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பிடரியில் எதுவோ குலுங்கிச் சத்தமிட்டது. கொலுசு மாதிரி. ஆனால் வெளியிலிருந்து இல்லை.

*

முத்துச்செல்வி எழுந்து உட்கார்ந்து தயிர்சாதத்துக்கு மிக்சர் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி, அதுக்குள்ள வந்துட்ட?"

"தலவலி."

"ஒனக்குத் தலன்னு ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா. இங்க வா." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். பளபளவென்று ஒரு ஆரம். "ஸ்ரீபெரும்புதூர்ல வாங்குனேன். இசக்கிபாண்டி கல்யாணத்துக்கு இதப் போட்டுட்டுப் போ. கவரிங்குன்னு கடக்காரனே மறந்துட்டாம்னா பாரேன்."

"மீனம்மா அத்தைக்குத் தெரிஞ்சுரும்."

"அவ என்ன கல்லுல ஒரசியா பாக்கப் போறா?" முத்துச்செல்வி யோசித்தாள். "ஒரசுனாலும் ஒரசுவா, மூதேவி. திரும்பு, மாட்டிவிடுதேன்."

வேண்டாம் என்பதற்குள் அவள் விரல்கள் பிடரிக்கு வந்துவிட்டன. வந்து நின்றன. பிறகு மெதுவாக ஒரு கோட்டின் மேல் நகர்வதுபோல நகர்ந்தன.

"ஏட்டி. என்னது இது, தோலுக்குள்ள மணி மணியா உருளுது?"

பேச்சி பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். குளியலறைக் கதவைச் சாத்தினாள். சிவப்புத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

டப்பாவில் பவுடர் இருந்தது. பவுடருக்கு அடியில் கொக்கி இருந்தது. நசுங்கிய விரற்கடை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நசுங்கிய துண்டைக் காணவில்லை. கொக்கியையும் காணவில்லை. அடித்தொண்டையில் தகடாக ஏதோ ஒன்று செருகிக்கொண்டது. வலித்தது. எச்சில் விழுங்க முடியவில்லை.

தூரத்தில் ஏதோ கம்பெனியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. தகரம் டிக் டிக்கென்றது. குழாய் சொட்டியது. அதற்கு அடியில், அவள் நாடித்துடிப்பின் இடத்தில், அது சுற்றிக்கொண்டிருந்தது. தக். தக்.

பிடரியில் இரண்டு விரல்கள் வந்தன. சந்திரம்மாளுடையவை அல்ல. முத்துச்செல்வியுடையவை அல்ல. வெங்காய வாசனை இல்லை. வெள்ளைக் கையுறை போட்ட விரல்கள், பசை வாசனை. அவசரமே இல்லாமல் கொக்கியைத் தேடின.

அவளுக்குத் தெரியும், அது யாருடைய கை என்று. அவளுடையதுதான்.

அன்றைக்கு ரோலர் செயினைக் கவ்வியபோது பேச்சி பொத்தானைப் பார்த்தாள். சிவப்பாக, உருண்டையாக, முழங்கையை ஒட்டி இருந்தது. பார்த்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. அத்துரும். ஐயோ, செயின் அத்துரும். அதைத்தான் சொன்னாள். அதை மட்டும்தான். எது அறுந்துவிடும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை; அவர்களே கழுத்து என்று எடுத்துக்கொண்டார்கள். கழுத்தை அவள் நினைக்கவே இல்லை. இரண்டு கையும் ஷாரோனின் பிடரிக்குப் போயின. கொக்கியைத் தேடின. காலர் போய்க்கொண்டிருந்தது, பச்சை ரப்பர் பேண்ட் போட்ட பின்னல் போய்க்கொண்டிருந்தது, தலை ஒருபக்கமாகச் சாய்ந்து இரும்பை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தது, நெற்றித்தோல் மயிரோடு சேர்ந்து மேலே ஏறியது. ஷாரோனின் கண் ஒன்று பக்கவாட்டில் திரும்பி அவளைப் பார்த்தது. முதலில் அந்தக் கண்ணில் நம்பிக்கை இருந்தது. பேச்சி வந்துவிட்டாள் என்று. பிறகு பிடரியில் கொக்கி கழன்றதை ஷாரோன் உணர்ந்தாள். கழன்ற முனையைப் பிடித்து, அறுந்துவிடாமல், மெதுவாக, இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்துப் பேச்சி உருவுவதை உணர்ந்தாள். அந்தக் கண்ணுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ஈரச் சுள்ளி முறிகிறாற்போல. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ ஓடிவந்து பொத்தானை அடித்தார்கள். ரோலர் நின்று, பின்னால் சுற்றி, வாயைத் திறந்தது. செயின் பேச்சியின் உள்ளங்கைக்குள் வந்து சுருண்டுகொண்டது. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நசுங்கிய இடம் மட்டும்தான்.

கொக்கி மாட்டிக்கொண்டது. பிடரியில், தோலுக்கு உள்ளே. சின்னதாக ஒரு சத்தம்.

பிறகு அது சுருங்க ஆரம்பித்தது.

மூச்சு வரவில்லை. கண்ணாடியில் கழுத்தைச் சுற்றித் தோல் மணி மணியாகப் புடைத்தது. முறுக்கு முறுக்காக. ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. முகம் கறுத்தது.

சோப்புப் பெட்டிக்குள் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி இருந்தது. எடுத்தாள்.

முதல் வெட்டில் தோல்தான் கிழிந்தது. இரண்டாவதில் சூடாக வழிந்தது. மார்பின் நடுவே, செயின் இறங்கிக் கிடந்த அதே வழியில் இறங்கியது. மூன்றாவதில் கத்திரியின் நுனி எதிலோ இடித்தது. கணீரென்று. தங்கம்.

கத்திரியைப் போட்டாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள். வழுக்கியது. மறுபடி விட்டாள். நசுங்கிய தகடு நகத்தில் மாட்டியது.

இழுத்தாள்.

வந்தது.

ஒரு கண்ணி. இன்னொன்று. மூச்சு கொஞ்சம் உள்ளே போனது. இரத்தத்தில் குளித்து வந்த அந்த முறுக்கில் வெளிச்சம் பட்டு வழிந்தது. இவ்வளவு அழகாக அது என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு சாண் வந்தது. இரண்டு சாண் வந்தது. தொப்புள் வரை தொங்கியது. இன்னும் வந்தது.

"பேச்சி." கதவு அதிர்ந்தது. "ஏட்டி பேச்சி, கதவுக்கடியில தண்ணி செவப்பா வருதுட்டி. தெற."

தாழ்ப்பாள் இடது முழங்கையில் இடித்தது. சிவப்பாக. கையை நீட்டக்கூட வேண்டாம். முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கழன்றுவிடும். முத்துச்செல்வி உள்ளே வந்துவிடுவாள். துணியை வைத்து அழுத்துவாள். ஆட்டோ பிடிப்பாள். பேச்சி தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

பார்த்தாள்.

இரண்டு கையும் செயினில் இருந்தன.

வேகமாக இழுக்கக் கூடாது. உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டிருந்தது. இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். மெதுவாக. முழங்கால் மடிந்தது. சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். விடவில்லை.

"அத்துரும்" என்றாள். கிழிந்த தொண்டையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. "அத்துரும்."

"எதுட்டி?" முத்துச்செல்வி கதவை உடம்பால் இடித்தாள். "எது அத்துரும்? பேச்சி, எது?"

செயின் முடிந்தது. பின்னாலேயே வெள்ளையாகத் துணி வந்தது. கோட்டுக் காலர். அதன் பின்னால், ஈரமாக, கனமாக, கறுப்பாக, அவளுடையது அல்லாத ஒரு பின்னல், முனையில் பச்சை ரப்பர் பேண்டோடு, அவள் கழுத்திலிருந்து இறங்கி மடியில் சுருண்டது. உள்ளே யாரோ குனிந்தபடியே வந்துகொண்டிருந்தார்கள். பேச்சி அதையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அறுந்துவிடாமல், மெதுவாக உருவிக்கொண்டிருந்தாள்.